உள்ளுக்குத் திரும்பின குளம்பு

12-3-1961, ஞாயிறு

றோட்டோரம் ஒரு ஆமை. ஓட்டின் விளிம்பு உடைந்திருந்தது, உயிர் இருந்தது. மஞ்சள் அப்பிக் குளத்தங்கரையில் விட்டேன். போன கிழமை ஒரு மயில். அது வீடு வந்து சேர முன்னமே செத்துவிட்டது. கண்டி றோட்டில் லொறிகள் கூடக் கூட இதுவும் கூடுகிறது.

"பள்ளிக்கூடம் விட்டவளுக்கு இப்ப இதுதான் உத்தியோகம்" என்று அம்மா சிரித்தா. அம்மாவுக்கு முட்டு வந்து மூச்சுவிடக் கஷ்டப்பட்டபோது ஏழாம் வகுப்போடு நின்றேன். அப்போது எனக்குப் பெரிய கவலை வரவில்லை. இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. எழும்பி நின்று எல்லாருக்கும் முன்னால் வாசிக்கிறதைவிட அடுப்பு ஊதலாம்.

15-3-1961, புதன்

மதகடியில் மான் குட்டி. லொறி தட்டியிருக்க வேண்டும். இடப்பக்க முன்னங்கால் முறிந்து தொங்கியது. தாயைக் காணவில்லை. சாக்கில் சுற்றித் தூக்கி வந்தேன்.

"அடுத்த காணிக்குப் போய் வீரகத்தியைக் கூட்டிக்கொண்டு வா. மாடு கண்டுக்கெல்லாம் அவன்தானே முறிவு கட்டுறவன்" என்றார் ஐயா. உண்மை. ஆனால் இந்தப் பக்கத்தில் துவக்கு வைத்திருப்பவரும் அவர்தான். மான் சுட்டால் அக்கம்பக்கம் எல்லாருக்கும் பங்கு அனுப்புவார்.

அவருடைய வேலிப் படலை வரைக்கும் போனேன். கையையும் வைத்தேன். உள்ளே அவர் இருமுவது கேட்டது. திரும்பி வந்து "ஆள் இல்லை" என்று சொன்னேன்.

பிறகு நானே கட்டினேன். மூங்கில் சிலாகை இரண்டு, பழஞ்சீலை, நல்லெண்ணெய். கத்தவேயில்லை அது. என்னைப் பார்த்தபடியே கிடந்தது.

20-3-1961

ஆட்டுப்பால் குடிக்கிறது. துணித் திரியை உறிஞ்சி முடித்து, என் விரலையும் உறிஞ்சுகிறது.

16-4-1961, ஞாயிறு

கட்டை அவிழ்த்தேன். எலும்பு ஒட்டியிருக்கிறது. ஆனால் குளம்பு உள்ளுக்குத் திரும்பிவிட்டது. நாலு அடி வைத்தது, நாலு அடியும் நொண்டல்.

வேலிக்கு மேலால் வீரகத்தியண்ணை எட்டிப் பார்த்தார். "ஆர் பிள்ளை கட்டினது?" நான் குசினிக்குள் ஓடிவிட்டேன். அவர் ஐயாவிடம் சொன்னது கேட்டது: "என்னைக் கூப்பிட்டிருந்தா நேரா வந்திருக்கும். அந்தக் கிழமை முழுக்கக் காய்ச்சலோட வீட்டிலதானே கிடந்தனான்."

ஐயா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ரெண்டு சொல்லு. "அண்ணை, வாங்கோ." அவ்வளவுதானே? ஏன் எனக்கு வாய் வரேல்லை? என்ர வெக்கத்துக்கு அதின்ர காலைக் கெடுத்திட்டன் — ஒரு நாளும் இனி அது நேரா ஓடாது.

3-9-1961, ஞாயிறு

பால் மறந்து புல் மேய்கிறது. மிளகாய்க் கன்றும் மேய்கிறது. "காட்டில விடவேணும் பிள்ளை. கட்டி வளர்க்க அது ஆடே?" என்கிறார் ஐயா.

விடலாம். காட்டில் வீரகத்தியண்ணையின் துவக்கு இருக்கிறதே. "அதைச் சுடாதேங்கோ" என்று அவரிடம் நான் எப்படிப் போய்ச் சொல்ல? எங்கள் மாடுகள் காட்டுக்கு மேயப் போகும்போது கழுத்தில் மணி கட்டி விடுவோம். மணிச்சத்தம் கேட்டால் ஒருவரும் வெடி வைக்க மாட்டார்கள். நாம்பன் கன்றின் மணியைக் கழற்றி இதற்குக் கட்டினேன்.

13-9-1961, புதன்

இன்றும் அதேதான். பொழுதுபடக் குளத்துக்கு மான் கூட்டம் தண்ணீர் குடிக்க வருகிறது. இதுவும் நொண்டி நொண்டி ஆசையாகப் போகிறது. மணி அடிக்கிறது. எல்லாம் பாய்ந்து ஓடுகின்றன. இது கொஞ்சத் தூரம் துரத்திப் போய் நிற்கிறது. பிறகு என்னிடம் வருகிறது. மூன்று நாளாக இப்படி.

மணி இருந்தால் வெடி படாது. ஆனால் ஒரு மானும் கிட்ட வராது.

14-9-1961

மணியைக் கழற்றினேன்.

17-9-1961

வரவில்லை.

5-11-1961, ஞாயிறு

வீரகத்தியண்ணை மான் இறைச்சிப் பங்கு அனுப்பியிருந்தார், தேக்கமிலையில் சுற்றி. அம்மா வாங்கி வைத்தா. துண்டு துண்டான இறைச்சியில் எதை அறிவது?

போனேன். படலையைத் திறந்து உள்ளுக்கே போனேன். அவர் கத்தி கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, முன்னங்கால் எங்கை?"

"அட, வாயும் இருக்குதே பிள்ளைக்கு!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை விட்டுவிட்டு, இறைச்சி கிடந்த பாயைக் காட்டினார். இரண்டு காலையும் எடுத்து எலும்பு வழியே தடவினேன். நேர். இரண்டும் நேர்.

கால்களைப் பாயில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "அண்டைக்கு நீங்கள் வீட்டில இருந்தனீங்கள். நான்தான் கூப்பிடேல்லை."

"தெரியும். படலை அசைஞ்ச சத்தம் கேட்டதுதானே."

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினேன். இறைச்சி சாப்பிடவில்லை.

11-2-1962, ஞாயிறு

வீரகத்தியண்ணை ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே முயல், பின்னங்கால் முறிந்து. "றோட்டில கிடந்தது. கறிக்கெண்டுதான் எடுத்தனான். அது கண்ணைத் திறந்து பாக்குது, நான் என்ன செய்ய?"

நான் முயலைப் பிடித்தேன். அவர் கட்டினார். கட்டிக்கொண்டே, முயலுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "முந்தநாள் பின்னேரம் குளத்தடியில ஒரு கூட்டம். பிணைமான் ஒண்டு கிட்ட நிண்டது. குறி வைச்சிட்டன். ரெண்டு எட்டு வைச்சுது பார், நொண்டல். குளம்பு உள்ளுக்கு. துவக்கை இறக்கிட்டன்."

"தனியவோ நிண்டது?"

"இல்லை. பத்துப் பன்ரெண்டோட."

முயலின் காலைக் கொஞ்ச நேரம் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

முடிச்சுப் போட்டுவிட்டு எழும்பினார். "இது நேரா வந்திடும் பிள்ளை. பிறகு காட்டில இதை நான் எப்பிடி அடையாளம் பிடிக்கிறது?"

"அப்ப ஒரு முயலையும் சுடாதேங்கோ" என்றேன்.

யார் பேசுவது என்று குசினிக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தா.