படம் இல்லாத பெட்டி

வியாழன் இரவு, திருவொற்றியூர்

டிரெய்லர் ஓட்டும் செல்வம் சிகரெட்டை விட்டுப் பத்து நாளாகியிருந்தது. விலை ஏறிய அன்று, "ஒண்ணுக்கு இவ்ளோ துட்டாக்கா? இத்தோட வுட்டேன்" என்று சொல்லிப் போனவன். இன்று என் பெட்டிக்கடைக்கு வாழைப்பழம் வாங்க வந்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எல்லாரிடமும் சொல்லும் பழக்கத்தில், "வெளிநாட்டு சிகரெட்டு கீதுப்பா, பாதி வெலதான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

வரி கட்டாமல் வந்த சரக்கு. பெட்டியில் புற்றுநோய்ப் படம்கூட இல்லை. சோதனைக்குப் பயந்து பிஸ்கட் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். செல்வம் அந்த டப்பாவையே பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு குடுக்கா."

கடை முன்னால் தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு போனான். பழத்தை மறந்துவிட்டான்.

சாயங்காலம் அவன் மனைவி ராணி காசிமேட்டிலிருந்து ஒரு கூறு சங்கரா மீன் கொண்டுவந்தாள்.

"பத்து நாளா அது இருமாம தூங்குதுக்கா. நீயும் அதுக்குக் குடுக்காம கீற. இந்தா, கொழம்பு வச்சுக்க."

வாங்கிக்கொண்டேன். குழம்பும் வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

நாளைக்கு வந்தால் இல்லையென்று சொல்லிவிடலாம். ஆனால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது.