வெட்கப்பட்ட கைப்பிடி

மார்ச் 3, திங்கள்

அநியாயம் நடந்திருக்கிறது. நான் கண் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் கூட்டம் போட்டு, கட்டட வாசல் கதவின் பித்தளைக் கைப்பிடி, பூட்டுத் தகடு, தட்டும் வளையம் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டார்கள். பதிலுக்குப் பிளாஸ்டிக். இங்கே முதலில் குடிவந்தவன் நான். ஒரு வார்த்தை கேட்டார்களா?

மூன்றாம் மாடிக்காரர்தான் செயலாளர். "கருகருன்னு கிடக்கு சார், அசிங்கமா இருக்கு. சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றார். அதுக்குள்ள பளபளக்க வச்சிட்டீங்கன்னா திரும்ப மாட்டிடறேன், போதுமா?" சிரிப்பு வேறு.

சாக்கு இப்போது என் சமையலறையில்.

மார்ச் 4

காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை! முலாம் பூசிய இரும்பில்லை, அசல் பித்தளை. எலுமிச்சை மூடியை உப்பில் தொட்டுத் தகட்டில் தேய்த்தேன். கறுப்பு வழிந்தது, அடியில் மஞ்சள்! கத்திவிட்டேன்.

மனைவி ஓடி வந்தாள். "என்னமோ ஏதோன்னு பதறிட்டேன். பழம் மொத்தமும் போச்சா?"

போச்சு.

மார்ச் 5

வினிகர், உப்பு, கோதுமை மாவு. குழைத்துப் பூசி, கொஞ்ச நேரத்தில் கழுவினால் போதும். வளையத்தில் என் மூக்கே தெரிகிறது!

மார்ச் 6

கைப்பிடி மட்டும் மசியவில்லை. காலையில் வினிகரில் முழுதாக மூழ்கடித்தேன். "ஊறினது போதும், எடுங்க" என்றாள் மனைவி. எனக்குத் தெரியும் என்றேன். சாயங்காலம் எடுத்தால் — இளஞ்சிவப்பு! ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்? மஞ்சள் எங்க போச்சு?

படித்துப் பார்த்தேன். வினிகரின் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் மேலே விட்டுவிடுமாம்.

செயலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், கைப்பிடிக்கு வெக்கம் வந்துடுச்சா?"

மார்ச் 7

சிவப்பு மேல்தோல்தானே? தேய்த்தால் போயாக வேண்டும். பல்பொடி, ஈரத்துணி. ஒரு முனையில் நான், மறுமுனையில் அவள். "சொன்னா கேட்கணும்." இன்னும் அழுத்தித் தேய்த்தேன். மதியத்துக்குமேல் நகக்கண் அளவு மஞ்சள்! விடுவேனா?

மார்ச் 8, சனி

இரும்புக்காரர் வாசலில் நிற்கிறார். கைப்பிடி முக்கால்வாசி மஞ்சள். அடிப்பக்கம் இன்னும் சிவப்பு.

"இது போகலையே சார்" என்றார் செயலாளர்.

"தேய்ச்சா போகும்." துணியை நீட்டினேன்.

வேண்டாவெறுப்பாக ஒரு தேய். நின்று பார்த்தார். இன்னொரு தேய். "வருது சார்! வருது!" படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் கிளம்பவா?" என்றார் இரும்புக்காரர். அவருக்குப் பதில் சொல்ல யாருக்கு நேரம்?

மார்ச் 9

காலையிலேயே செயலாளர் தன் வீட்டுப் பித்தளைக் குழாயோடு வந்து நிற்கிறார். ஆக வேண்டியவை:

பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பித்தளையை மாட்டுவது — செயலாளர்.

வாரம் ஒரு முறை துடைப்பது — மாடிக்கு ஒருவர், முறை வைத்து.

என்னைக் கேட்காமல் கூட்டம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்பது — எல்லா மாடிக்காரர்களும். இதில் மாற்றமில்லை.

குழாய்க்கு மாவு பூசுவது — நான்.

"போதும், எடுங்க" என்று சொல்வது — மனைவி.

சொன்னவுடன் எடுப்பது — நான்.