மாரியின் நாலாவது அடி

என் மாரிக்குட்டிக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உன் பாட்டை நேற்றுத்தான் முழுசாகப் படித்தேன்.

புது நூற்றாண்டு பிறந்த சமயம். நான் விருதுநகரில் தமிழ் எம்.ஏ. படித்தேன். எனக்கு இளையவள் நீ, எட்டாவதோடு நின்று, சிவகாசியில் பட்டாசுக்கு மருந்து செலுத்தப் போனாய். ஒரு லீவு நாளில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுப் பொங்கலோடு என் விடுதிக்கு வந்தாய். என் தோழிகளுக்கு உன் கையால் எடுத்துக் கொடுத்தாய்.

"கையக் கழுவிட்டு வந்து குடு. மருந்து நாறுது" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு, பட்டாசு லேபிளின் பின்பக்கம் எழுதிய நாலு வரியை நீட்டினாய்.

கழுவுறேன் கழுவுறேன் போகலே
கைவிட்டு மருந்துதான் போகலே
அழுவுறேன் அழுவுறேன் போகலே
அக்கா நீ சொன்னது போகலே

நான் சிவப்பு மையை எடுத்தேன். 'கழுவுறேன்' நிரை நிரை, கருவிளம். விளத்துக்கு அடுத்து நேர் வந்தால்தான் வெண்டளை. நீ மறுபடி நிரையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய், தளை தட்டுகிறது என்றேன். நீ வெண்பாவா எழுதினாய்? இரண்டாவது 'கழுவுறே'னை அடித்து 'நாளெல்லாம்' என்று போட்டேன். தளை சரியானது. தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கை அந்த வரியிலிருந்து போய்விட்டது.

கழுவுறேன், அழுவுறேன், எதுகை பரவாயில்லை என்றேன். நாலு அடியும் 'போகலே' என்று முடிவது சொல் பஞ்சம். மோனைக்காக அக்காவை இழுத்திருக்கிறாய், அது வெறும் அடைசல்.

"அப்ப இது பாட்டு இல்லியாக்கா?"

"இல்ல."

லேபிளை மடித்து என் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டு எழுந்து போனாய்.

பத்து நாள் கழித்து உங்கள் மருந்து அறை வெடித்தது. ஆஸ்பத்திரியில் உன் கைகளைத் தோள்வரை துணியால் சுற்றியிருந்தார்கள். பிடிக்க இடமில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். சாயங்காலம் முடிந்துபோனாய்.

இப்போது கல்லூரியில் யாப்பிலக்கணம் நடத்துகிறேன், மாரி. தளை தட்டுவதற்கு எடுத்துக்காட்டாக மூன்று வருஷமாக உன் பாட்டைத்தான் பலகையில் எழுதுகிறேன். யார் எழுதியது என்று சொன்னதில்லை. நேற்று ஒரு பிள்ளை எழுந்தாள். அவள் அம்மாவுக்கும் பட்டாசு வேலைதான்.

"மேடம், அவுக அக்கா என்ன சொன்னாக?"

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே நான் இருந்தேன். எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது? தெரியாமல்தான் போனதா?

"அது பாடத்துல இல்ல. உக்காரு" என்றேன்.

திங்கட்கிழமை அதே வகுப்பு. அன்றைக்கு விடுதியில் நான் உன்னிடம் சொன்னதை, சொன்ன அதே சொல்லில், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். அந்த அக்கா யார் என்றும் சொல்லுவேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்,
செல்வி