கூரை இரும்பில் கட்டிய துண்டு

அன்பு மகள் யெலிட்சாவுக்கு,

நானும் உன் அப்பாவும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம், நீயும் பிள்ளைகளும் அங்கே லின்ஸில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க நிக்கோலா புனிதர் பார்த்துக்கொள்ளட்டும். போன வாரம் செவ்வாய்க்கிழமை நம் முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மேசையின் தலைமாட்டில் உன் அப்பா மிலிசாவ். உன் தம்பி ரதோமிர், அவன் உட்காரவே இல்லை. அவன் பெண்டாட்டி கோர்தனா, காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். உங்கள் இரண்டு பேருக்கும் ஞானத்தகப்பன் ஸ்வெதிஸ்லாவ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். மானிய ஆபீஸிலிருந்து சோதனைக்கு வந்த பெண், உன்னைவிடச் சின்னவள், கழுத்தில் கேமரா. அப்புறம் நான். ஆறு பேர். ஏழாவதாக யாராவது நானும் அங்கே இருந்தேன் என்று சொன்னால் நம்பாதே. என் கல்யாணத்தில் சூப்பில் உப்பில்லை என்று சொன்னவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, இதையா மறப்பேன்.

போனில் சொல்ல முடியவில்லை மகளே, கோர்தனா பக்கத்திலேயே நிற்கிறாள். நாலாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள். நம் ராஸ்பெரிக் குளிர் அறையை உனக்குத் தெரியும், எட்டு வீட்டுப் பழம் அதில்தான் உறைகிறது. இரண்டு கோடையாக அதில் வரும் லாபத்தையெல்லாம் கரண்டே தின்றுவிட்டது. அதனால்தான் ரதோமிர் சோலாருக்கு எழுதிப் போட்டான். விவசாயிக்குச் செலவில் பாதிக்கு மேல் அரசாங்கம் திருப்பித் தருகிறதாம். ஒரே ஒரு நிபந்தனை. ஆபீஸிலிருந்து ஆள் வந்து வெறும் கூரையைப் படம் பிடிக்க வேண்டும், சம்மதக் கடிதம் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒரு திருகாணியாவது முடுக்கலாம். ரதோமிர் அதை மூன்று தடவை சத்தமாக வாசித்துக் காட்டினான்.

மார்ச் மாதம் ஞானத்தகப்பன் வந்தார். “அட போடா, அவனுங்க பேப்பர் வர்றதுக்குள்ள பழம் பழுத்து விழுந்துடும். ஆபீஸ்ல எல்லாம் நம்ம ஆளுங்கதான். ஓப்ரென் மேஸ்திரி இந்த வாரம்தான் சும்மா இருக்கான், விட்டா செப்டம்பர்தான். இரும்புச் சட்டத்த மட்டும் ஏத்திடு. எவனாச்சும் கேட்டா, போன வருஷப் பனியில கூரை இறங்கிடுச்சு, முட்டுக் குடுத்தோம்னு சொல்லிக்கலாம்” என்றார். ரதோமிர் தயங்கினான். உங்களை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திப் பிடித்த மனிதர், அவர் பேச்சை இந்த வீட்டில் யாரும் தட்டியதில்லை. நானும் “ஞானத்தகப்பனே சொல்றாரு, அப்புறம் என்னடா யோசனை” என்றேன். சொன்னேன்தான், மறைக்கவில்லை.

அதே மாதம், நாற்பது தியாகிகள் திருநாளன்று, இரும்புச் சட்டம் ஏறியது. மேல் உத்தரம் ஏறினால் வீட்டுக்காரி மேஸ்திரிக்குத் துண்டு கட்ட வேண்டுமே, நான் என் சீர்ப்பெட்டியிலிருந்து சிவப்புச் சேவல் தைத்த துண்டை எடுத்துக்கொண்டு போனேன். ஓப்ரென் சிரித்தான். “அக்கா, இது வீடு இல்ல, கரண்டு தகடு வைக்கிற கம்பி” என்றான். “கூரைமேல ஏறினா கூரைதான், கட்டுடா” என்றேன். வேலை முடிந்ததும் மேஸ்திரி கையால்தான் அதை அவிழ்க்க வேண்டும். தகடு வைக்கும்போது அவிழ்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பெண் வருவதற்கு முதல் நாள் ரதோமிர் “அம்மா, அத எடுத்துடலாம்” என்று கெஞ்சினான். வேலை பாதியில் நிற்கும்போது துண்டை அவிழ்த்தால் வேலை பாதியிலேயே நின்றுவிடும் என்று நான்தான் விடவில்லை.

அந்தப் பெண் ஏணியில் ஏறினாள், படம் எடுத்தாள், இறங்கினாள். ரதோமிர் பனிக் கதையைச் சொன்னான், காது இரண்டும் சிவந்துவிட்டது, பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். காபியைக் குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்து, “அந்தத் துண்டு ரொம்ப அழகா இருக்கு, அது எதுக்குப் பாட்டி?” என்றாள். நான் சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். விறகு எடுத்து வாருங்கள் என்று நான் பத்துத் தடவை கத்தினாலும் காதில் விழாத உன் அப்பாவுக்கு அது மட்டும் விழுந்துவிட்டது. அவரிடம் நாங்கள் பொய்யைச் சொல்லி வைக்கவில்லை. சொல்வதென்றால் கத்த வேண்டும், அடுத்த வீட்டுக்குக் கேட்கும். “அதுவா மகளே, சோலார் இரும்பு ஏத்துன அன்னிக்கு மேஸ்திரிக்காக இவ கட்டுனது. தியாகிகள் நாள் அன்னிக்கு. நீ பட்டணத்துப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் தெரியாது” என்றார், முகமெல்லாம் பெருமை. அவள் பேனா நின்றது. “மார்ச்சுலயா தாத்தா?” என்றாள். “மார்ச்சுலதான், பனிகூட இருந்துச்சு” என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு “நான் கேக்காமலே இருந்திருக்கலாம், இப்ப எழுதித்தான் ஆகணும்” என்றாள். நாங்கள் எல்லாரும் ஞானத்தகப்பனைப் பார்த்தோம். ஆபீஸில் எல்லாம் நம்ம ஆட்கள் என்ற மனிதன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேம்மா, பேப்பர் வர்ற வரைக்கும் ஒரு ஆணிகூட அடிக்காதீங்கன்னு. இவங்க கேட்டாத்தானே” என்றான். எங்கள் மேசையில், எங்கள் காபியைக் குடித்துக்கொண்டு. அவள் அதையும் எழுதிக்கொண்டாள். கோர்தனா கட்டி வைத்திருந்த பாலாடைப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்துவிட்டது, இந்தக் கூரைக்கு மானியம் கிடையாது. அடுத்து எப்போது கேட்கலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. நேற்று ரதோமிர் குளிர் அறையை நிறுத்திவிட்டான், எட்டு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தான். இன்னும் பத்து நாளில் பழம் வரும், பறித்த சாயங்காலமே வியாபாரி சொல்கிற விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான், அது நமக்காகக் காத்திருக்காது. அவன் பாஸ்போர்ட்டைத் தேடுகிறான் மகளே. உன்னிடம் வேலை கேட்பான். இல்லை என்று சொல்லாதே, உடனே சரி என்றும் சொல்லாதே. அவன் போனால் இந்த மலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நான் என்ன செய்வேன், கொட்டகை வரைக்கும் போகிறேன், திரும்பி வருகிறேன். உன் அப்பாவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. தினம் காலையில் “தகடு எப்ப வரும்?” என்று கேட்கிறார். வரும் வரும் என்று நான் கத்துகிறேன்.

நீ இடுப்பில் கம்பளி கட்டாமல் இரவு வேலைக்குப் போகாதே. பிள்ளைகளோடு நம் பேச்சில் பேசு. ஞானத்தகப்பன் உனக்குப் போன் செய்து தன் கதையைச் சொல்வான், கேட்டுக்கொள், எதிர்த்துப் பேசாதே, அந்த உறவோடு சண்டை போட்டால் வீட்டுக்கு ஆகாது. நம் வீட்டுப் புனிதர் நிக்கோலாவின் நாளுக்கு வழக்கம்போல் வருவான். நாற்காலி போடுவேன், பண்டிகைக் கோதுமையும் ரொட்டியும் என் கையாலேயே அவன் முன்னால் வைப்பேன். உன் வீட்டில் அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும், உன்னையும் பிள்ளைகளையும் முத்தமிடுகிறேன்.

உன் அம்மா
ஸ்தமென்கா

நான் கண்ணை மூடிய பிறகு, அம்மா எல்லாரையும் மன்னித்தாளா என்று பாதிரியார் உன்னிடம் கேட்டால், உண்மையைச் சொன்ன கிழவரை மன்னித்துவிட்டாள், எழுதிக்கொண்ட பெண்ணை மன்னித்துவிட்டாள், துண்டு கட்டிய தன்னையும் ஒருவழியாக மன்னித்துக்கொண்டாள் என்று சொல். ஒருவனை மட்டும் இல்லை. ஸ்வெதிஸ்லாவ்.