குழாய் வாயில் கட்டிய துணி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் தக்காளிப்பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று வழக்கம்போல எழுத முடியவில்லை, நான் சுகம், உன் அம்மா தேறி வருகிறாள். பதறாதே, முழுவதும் படி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே அவள் காதைக் கொண்டுவந்து என் தோளில் வைத்துவிடுகிறாள், இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி.

போன வருஷம் நீ சொன்னாய், அப்பா, முற்றத்துல போர்வெல் போட்டுப் பதினெட்டு வருஷம் ஆச்சு, ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பாருங்களேன் என்று. எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவளுக்கு என் வீட்டுத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். யாரிடமும் கற்காமல் மோட்டாரைப் பிரித்து மாட்டியவன் நான், எனக்கா தெரியாது. தெரிந்துதான் இருந்தது, அதுதான் தப்பு. முப்பத்தைந்து நிமிடத்தில் நிரம்புகிற மாடித் தொட்டிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, கரண்ட் குறைவு என்றேன். குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் காற்று வந்து இருமியது, அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். மோட்டார் கல்லை அரைப்பதுபோல் முனகியது, எனக்கும்தான் முழங்கால் சத்தம் போடுகிறது என்றேன். பிறகு குடத்தின் அடியில் மணல், மாவுபோல, விரலில் தேய்த்தால் நெறுநெறு என்கிறது. அதற்கு மட்டும் காரணம் அகப்படவில்லை. உன் அம்மா பார்த்தால் உன்னிடம் சொல்வாள், நீ உடனே, நான்தான் அப்பவே சொன்னேனே என்பாய், அதை நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா? பழைய பனியனைக் கிழித்து அடுப்படிக் குழாய் வாயில் கட்டினேன். தினமும் அவள் எழுவதற்குள் அவிழ்த்து மணலை உதறிவிட்டு வேறு துணி கட்டுவேன். ஐந்து மாதம் இப்படி. அவளோ, இந்த வயசுலதான் எங்க வீட்டுக்காரருக்கு அடுப்படி கண்ணுல பட்டிருக்கு என்று பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம் பெருமை அடித்தாள்.

இத்தோடு விட்டேனா. தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பார்க்க வாரம் ஒருமுறை போருக்குள் கயிற்றில் கல் கட்டி இறக்கினேன், ஒவ்வொரு தடவையும் மூடியின் நாலு போல்ட்டையும் முடுக்கச் சோம்பல்பட்டு இரண்டைப் போடாமலே விட்டேன். போன வாரம் மூன்று நாள் மழை. முற்றத்து அழுக்கெல்லாம் அந்த மூடி இடுக்கு வழியாகப் போருக்குள் இறங்கியிருக்கிறது. தண்ணீர் லேசாகக் கலங்கி மண்வாடை அடித்தது, நான் துணியை இரண்டாக மடித்துக் கட்டினேன். இரண்டாம் நாள் அவளுக்கு வயிற்றுப்போக்கு, நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் சொட்டுச்சொட்டாக மருந்து ஏறியது. வீட்டுக்கு வந்ததும் தன் கைச் சுத்தத்தில்தான் ஏதோ குறை என்று, நிற்கத் தெம்பில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து அத்தனை பாத்திரத்தையும் வெந்நீரில் போட்டுத் தேய்த்தாள். நானோ மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிக் கேன் தண்ணீர் மட்டும் வாங்கி வைத்தேன்.

உனக்கு நினைவிருக்கும், உம்மைவிட எனக்குத் தெரியும் என்று சொல்லி முன்பு நான் வாசலோடு திருப்பி அனுப்பிய மோட்டார்க்காரர், அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். வந்தவர் குனிந்து மூடியின் காலி போல்ட் ஓட்டைகளில் விரலை விட்டு, பெரியவரே, இது மூடியா புனலா என்றார். துணியைப் பற்றிச் சொன்னதும், காய்ச்சக்காரன் தெர்மாமீட்டரை ஒளிச்சு வச்ச கதையால்ல இருக்கு என்றார். அவர் உட்கார நாற்காலி எடுத்துப் போட்டேன், நான்! மோட்டாரை மேலே எடுத்து, காற்றடித்து மணலை வெளியேற்றி, குளோரின் ஊற்றி ஊறவிட்டு, தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டுமாம், கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் கொடுக்க வேண்டுமாம். அதுவரைக்கும் பச்சக்குழந்தை உதட்டுல இந்தத் தண்ணி படக்கூடாது, குளிப்பாட்டக்கூட வேண்டாம் என்றார். ஒன்றரை மாதம் ஆகும் என்கிறார். நீ வருவதோ அடுத்த மாதம் ஐந்தாம் தேதி. வந்தால் அவனுக்குப் பால்பொடி கலக்க இந்தக் குழாயைத்தான் திறப்பாய். நாலு வருஷமாக வரவில்லை வரவில்லை என்று உன்னைக் குத்திக்கொண்டிருந்த நானே எழுதுகிறேன், வராதே. டிக்கெட்டைத் தள்ளிப் போடு. நீ சொன்னது சரி என்று நான் எழுதியதாக எடுத்துக்கொள்ளாதே, ஆளைக் கூப்பிடச் சொன்னாய், மூடியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று முடிப்பதாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ வராததற்கு அவள் காரணம் கேட்பாள், இன்னொரு பொய்க்கு நான் எங்கே போவேன். இப்போது மதியம், அவள் தூங்குகிறாள். கடைசியாக அவிழ்த்த துணியை உதறாமல், மணலோடு, அடுப்படி மேடையில் விரித்து வைத்திருக்கிறேன். எழுந்ததும் நேரே அங்கேதான் போவாள்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், பேரனை என் பங்குக்கும் சேர்த்துக் கொஞ்சு. இரண்டாவது ரிப்போர்ட்டையும் உனக்கு அனுப்புவேன், அதை உன் கண்ணால் பார்க்காமல் புறப்படாதே, நானே போனில் வா என்று சொன்னாலும் நம்பாதே. அவள் எழுந்துவிட்டாள்போல, கட்டில் சத்தம் கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா