வந்தது கரண்டா, மகனா

1979, ஆனி, வெள்ளிக்கிழமை

ஆறு வருஷம் முன்பு சுரங்கங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, "நிலக்கரி இனி நம்மதும்மா, விளக்கே அணையாது" என்றான் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் என் மகன் சேகர். இன்றும் லோட்ஷெடிங், கரண்டு வெட்டு. எங்கள் பேட்டை பவானிபூர் முழுக்க இருட்டு.

கீழ்வீட்டு வங்காளிப் பெண் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்: "கரண்டை நிறுத்துறவன் எங்க மாடியிலதான் இருக்கான்!" பொங்கலுக்குப் பொங்கல் என் கையால் தின்றவள். சாகும்வரை மறக்கமாட்டேன்.

வாசலில் கும்பல் கூடியது. திடீரென்று "எஷே கேச்சே!" என்று கூச்சல். வந்தாச்சு என்று அர்த்தம். வங்காளியில் கரண்டு வந்தாலும் ஆள் வந்தாலும் அதே சொல்தான். சேகர் அவர்கள் கையில் அகப்பட்டான் என்று நினைத்து வெறுங்காலோடு ஓடினேன். படியில் பல்பு எரிந்தது.

"என்ன மாஷிமா, பயந்துட்டீங்களா?" என்று என்னைச் சித்தி முறை சொல்லிக் கீழ்வீட்டுக்காரியே சிரித்தாள்.

ஷிஃப்ட் முடிந்தும் சேகர் இன்னும் வரவில்லை. கரண்டு மறுபடி போய்விட்டது. கீழே ஆட்கள் பேசுகிறார்கள்.