கடைசி முகம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவசர சிகிச்சைப் பிரிவை விட்டு வேறு வார்டுக்கு மாறிக்கொள் என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். இப்போது முடியாது, பெரிய டாக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். குழந்தைகளுக்குத் தையல் போடும் முன் காயத்தில் மரத்துப்போகும் மருந்தைத் தடவி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அம்மா மடியில் வைத்தே தைக்க வேண்டும் என்றேன். "ரெண்டு நிமிஷ வேலைம்மா. நாலு பேர் அமுக்கிப் புடிச்சா முடிஞ்சுது" என்றார். நான் விடவில்லை. ஒரு மாதம் தந்திருக்கிறார். அதற்குள் ஒரு குழந்தையை அமுக்க நேர்ந்தாலும் பழைய வழிதான்.

ஆறு வயதில் உன்னை அப்படித்தான் பிடித்தார்கள். கதவுக்கு வெளியே நின்று உன் அலறலைக் கேட்டவள் நான். மகள் பிறந்தபோதுகூட நீ ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லையே.

உன் தங்கை

மார்ச் 12

வாயாடிக்கு,

ஊர்ப்பட்ட விஷயம் இருக்க, தையலைப் பற்றித்தான் எழுதுவாயா? படித்ததும் முழங்கால் தழும்பு குறுகுறுக்கிறது. நீ ஜெயித்துவிடுவாய், உன் வாய்க்கு யார் ஈடு? என்னை மட்டும் உள்ளே இழுக்காதே. உன் மருமகள் அத்தையை விசாரித்தாள்.

அண்ணன்

மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். வலியைச் சொல்ல ஓர் அட்டை வைத்திருக்கிறோம், சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும். நெற்றி கிழிந்து வந்த ஐந்து வயதுக்காரி சிரிக்கும் முகத்தைத் தொட்டாள். மரத்துவிட்டது என்று நம்பினேன். ஊசி பட்டதும் துள்ளினாள். பிடிக்கக் கைகள் நீண்டன. யாரும் தொடாதீர்கள் என்று கத்தியேவிட்டேன். அதை ஏன் காட்டினாய் என்று அவளைக் கேட்டேன்.

"சிரிச்சாத்தானே வீட்டுக்கு விடுவீங்க."

தப்பு என்னுடையது. உண்மையைச் சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மறுபடி மருந்து, மறுபடி காத்திருப்பு. அதுவரை பெரிய டாக்டர்தான் அவளோடு உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார். தைத்து முடித்தபோது அம்மா மடியில் தூங்கியிருந்தாள். இனி எல்லாக் குழந்தைக்கும் இதுதான் முறை என்று தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். ஜெயித்துவிட்டேன் அண்ணா!

என் மருமகளுக்கு இந்தக் கடிதத்தோடு ஓர் அட்டை வைத்திருக்கிறேன். இந்தக் கதையையும் சொல்.

உன் தங்கை

ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

பதறாதே, எல்லாம் நலம். உன் மருமகள் படியில் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டாள். உன் அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். நானேதான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள்ளே ஓடினேன். அமுக்கிப் பிடிக்க இரண்டு பேர் வந்தார்கள். "மரத்துப்போற மருந்து போடுங்க. நான் காத்திருக்கேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அரை மணி கழித்து, என் மடியில் இருந்தபடி தன் சட்டைப் பையிலிருந்து நீ அனுப்பிய அட்டையை எடுத்து இரண்டாவது முகத்தைத் தொட்டாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நான் சிரிக்கும் முகத்தைக் காட்டினேன்.

"உண்மையைச் சொல்லுப்பா, யாரும் திட்ட மாட்டாங்க."

கடைசி முகத்தைத் தொட்டேன்.

"சரி, என் கையைப் புடிச்சுக்கோ" என்றாள்.

நான்கு தையல். நான்காவது முடியும்வரை உள்ளேயே இருந்தேன். அட்டையை அங்கிருந்த நர்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்களுக்கு இன்னொன்று அனுப்பு.

உன் அண்ணன்